பழைய தில்லி இருட்டு நடை: வியாழக்கிழமை, 14 பேர், எந்த வழி?

மயூர்விஹார்_கேது

டிசம்பர் மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். மொத்தம் 14 பேர், பாதிப் பேர் சென்னையிலிருந்து வருகிறவர்கள். எழுபதைத் தாண்டியவர்கள் 2 பேர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் 3 பேர். பெரோஸ் ஷா கோட்லா கோட்டையில் ஆரம்பித்து சாந்தினி சௌக்கில் முடிகிற மாதிரி, ரத்தக் கதையும் பேய்க் கதையும் கலந்த ஒரு நடை. 6 மணிக்கு ஆரம்பித்து 9 மணிக்கு முடிக்க நினைப்பு. வழி, நேரம், எங்கே இடிக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்தச்சன்

6 மணி என்பதை முதலில் அடித்துவிடுங்கள் சார். கோட்லா தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது. சூரியன் மறைந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். நீங்கள் சொல்லும் வாரத்தில் தில்லியில் சூரியன் மறைவது சுமார் 5:28. டிக்கெட் ஜன்னல் அதற்கு முன்பே மூடும். இதே நடை ஜூனில் என்றால் 7:20 வரை வெளிச்சம் உண்டு, வெயில்தான் கொல்லும்.

ராத்திரி நடைக்கு ஒரே விதி: பூட்டு இருக்கிற இடம் முதலில், பூட்டு இல்லாத தெரு பிறகு. அதன்படி போட்டால் இப்படி வரும்.

3:45 கோட்லாவுக்குள். 5:10 வெளியே. 5:20 கூனி தர்வாஸா. சரியாக வெளிச்சம் மங்கும் நேரம், இதற்கு மேல் நல்ல நேரம் அமையாது. அங்கே கால் மணி. அடுத்து பழைய ஜெயில் இருந்த இடம், பத்து நிமிஷம். 6 மணிக்குள் டெல்லி கேட். அங்கிருந்து ஜாமா மஸ்ஜிதுக்கு ஒன்றரை கிலோமீட்டர். பெரியவர்கள் இருப்பதால் நடக்க வேண்டாம். டெல்லி கேட் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் ஜாமா மஸ்ஜித். 6:30 சர்மத் தர்கா. 7 மணிக்கு நகைக் கடைத் தெருவான தரீபா கலான். 7:15 சாந்தினி சௌக்கில் கொத்வாலி (பழைய போலீஸ் ஸ்டேஷன்) இருந்த இடம், சுனெஹ்ரி மஸ்ஜித். 7:45க்கு முடித்துவிடலாம். மெட்ரோவில் போகும் தூரத்தையும் சேர்த்து மொத்தம் நாலு, நாலரை கிலோமீட்டர்.

கோட்லா_புறா

வியாழக்கிழமை என்று எடுத்ததே பாதி வெற்றி. மற்ற நாளில் கோட்லா வெறும் இடிந்த கல். வியாழன் மதியத்துக்கு மேல்தான் ஜனங்கள் ஜின்களுக்கு மனு கொண்டு வருவார்கள்.

மனு என்றால் நிஜமாகவே மனு. மகளுக்கு வரன், பையனுக்கு வேலை, தீராத கோர்ட்டு வழக்கு, எல்லாம் முழுத்தாளில் எழுதியிருக்கும். ஒரே தாளை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு அறையின் மாடத்திலும் ஒன்று வைப்பார்கள். கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டு அதன் நகலைத் தாசில்தாருக்கும் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் அனுப்புவோமே, அதே வழக்கம்தான். எந்த மேஜையில் காரியம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? சுவரில் காசை அழுத்தி ஒட்ட வைப்பது, அகலும் ஊதுபத்தியும் ஏற்றுவது, பருந்துக்கு இறைச்சி போடுவது எல்லாம் உண்டு. ஜின்களுக்கெல்லாம் தலைவர் 'லாட் வாலே பாபா'. லாட் என்றால் மேலே நிற்கும் அசோகர் தூண். அவர் குடியிருப்பு அதுதான் என்பது நம்பிக்கை.

இது பழங்கால வழக்கம் என்று குழுவிடம் சொல்லிவிடாதீர்கள். கோட்டை 1354இல் கட்ட ஆரம்பித்தது. இப்போது பார்க்கும் இந்தக் கூட்டம் எமர்ஜென்ஸி முடிந்த 1977ஐ ஒட்டித்தான் தெரிய வருகிறது.

செய்யக்கூடாதது இரண்டு. ஒன்று, கடிதத்தைப் படிப்பதும் படம் எடுப்பதும். போட்டோ, போன் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, அறைக்குள் டார்ச்சை மேலே அடிப்பது. கூரை முழுக்க வௌவால். கலைந்தால் கூட்டத்தின் தலைக்கு மேலேயே பறக்கும், கும்பிட வந்தவர்கள் உங்களைத் திட்டுவார்கள், நியாயமும் கூட. ஒளி தரையில் மட்டும். தரையைப் பார்ப்பதும் அவசியம், ஏனென்றால் எண்ணெயும் உருகிய மெழுகும் படியில் வழிந்து கிடக்கும். வழுவழு செருப்பு வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்களை உள்ளறைக்குள் விடாதீர்கள், வெளியே தூணடியில் நிற்கட்டும்.

பழங்கணக்கு

தூணடியில் நிற்பவர்களுக்கும் நல்ல தீனி உண்டு. ஒற்றைக் கல், சுமார் 13 மீட்டர். கோட்டையைக் கட்டிய சுல்தான் பெரோஸ் ஷா இதை இன்றைய ஹரியானாவில் இருக்கும் தோப்ராவிலிருந்து கொண்டுவந்தார். எப்படி என்பதை அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீஃப் எழுதி வைத்திருக்கிறார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவித்து அதன் மேல் சாய்த்து, பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிப் படுக்க வைத்தார்கள். நாணலும் பச்சைத் தோலும் சுற்றினார்கள். 42 சக்கர வண்டி, சக்கரத்துக்கு ஒரு கயிறு, கயிற்றுக்கு 200 பேர். அதாவது 8,400 பேர். அதன் பிறகு யமுனையில் படகு.

அதில் இருக்கும் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவர் ஜேம்ஸ் பிரின்செப், 1837இல். சென்னைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து பார்த்திருப்பார்கள். 'க' சிலுவை மாதிரி இருக்கும், கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ரத்தக் கதைக்கு நடுவில் பிள்ளைகளை அரை மணி அமைதியாக வைக்க இதைவிட வழி இல்லை.

இனி இருட்டுக்கு வருவோம். கோட்லாவில் ஜின்னைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், அங்கே ஒரு முகலாய பாதுஷா கொலையானதைச் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் ஆலம்கீர், 1759 நவம்பர். ஆப்கன் அரசர் அஹ்மத் ஷா அப்தாலி பக்கம் சாய்ந்துவிடுவார் என்று வஜீர் இமாத்-உல்-முல்க்குக்குப் பயம். கோட்லாவுக்கு ஒரு மகான் வந்திருக்கிறார் என்று ஆசை காட்டி வரவழைத்துக் குத்திக் கொன்று, உடலை ஆற்றங்கரையில் எறிந்தார்கள். யமுனை அப்போது கோட்டையை ஒட்டி ஓடியது. இப்போது கிழக்கே நகர்ந்து, நடுவில் ரிங் ரோடு வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால், ஆறே கண்ணில் படாத இடத்தில் நின்று ஆற்றங்கரை என்கிறாரே என்று கேட்பார்கள்.

இஞ்சிமுரப்பா

தூண், எழுத்து, சக்கரக் கணக்கு எல்லாம் சரி. பேய் எங்கே? 'ஹாண்டட்' என்று தேடினால் மால்சா மஹல், அக்ரசேன் கி பாவ்லி, வடக்கு ரிட்ஜ், நிக்கல்சன் கல்லறை என்றுதான் வருகிறது. அதில் ஒன்றாவது வேண்டாமா?

கல்தச்சன்

ஒன்றும் வேண்டாம். நாலும் இந்த வழியில் இல்லை, நாலும் ராத்திரிக்கு உதவாது.

அக்ரசேன் பாவ்லி ஒரு படிக்கிணறு, அதுவும் சாயங்காலமே மூடிவிடும். கறுப்புத் தண்ணீர் ஆளை 'வா' என்று கூப்பிடும் என்ற கதைக்கு ஆவணம் எதுவும் கிடையாது. ரிட்ஜ் காடு, விளக்கு இல்லை, குரங்கு உண்டு. விடிகாலை நடைக்குத்தான் லாயக்கு. நிக்கல்சன் கல்லறையும் ராத்திரி திறந்திருக்காது. 1857 கிளர்ச்சியில் தில்லியைப் பிடிக்க செப்டம்பர் 14 அன்று நடந்த தாக்குதலில் குண்டடி பட்டு 23ஆம் தேதி செத்த பிரிட்டிஷ் தளபதி ஒருவரைப் பார்க்க அதைப் பகலில் தனி நடையாக வைத்துக்கொள்ளலாம். காஷ்மீரி கேட்டும், வெடித்த ஆயுதக் கிடங்கின் வாசல்களும் பக்கத்திலேயே இருக்கின்றன.

மால்சா மஹல் துக்ளக் காலத்து வேட்டை மாளிகை. 1985இலிருந்து 2017 வரை ஒரு குடும்பம் அவத் அரச வாரிசு என்று சொல்லிக்கொண்டு அதில் வாழ்ந்து, கடைசி ஆளும் அங்கேயே இறந்தார். அந்த வாரிசுக் கதை உண்மையில்லை என்பது பிறகு வெளிவந்தது. அங்கே இருப்பது பேய்க் கதை இல்லை, அதைவிடச் சோகமான ஒன்று. 2023இல் தில்லி சுற்றுலாத் துறை ஆரம்பித்த பேய் நடை அங்கேதான் நடந்தது. போக வேண்டும் என்றால் அந்த மாதிரி ஏற்பாட்டில் போங்கள். காட்டுப் பாதையில் எழுபது வயதுக்காரரை நீங்களாக நடத்தாதீர்கள்.

கரோல்பாக்_மாமி

கேதுவுக்கு: கழிப்பறை யோசித்தீர்களா? டெல்லி கேட் மெட்ரோவில் எல்லாரும் போய்விட்டு வரட்டும். அதை விட்டால் தரீபா, சாந்தினி சௌக் கூட்டத்தில் தேடுவது பெரும்பாடு. டிசம்பர் ராத்திரிக்கு ஸ்வெட்டர் மட்டும் போதாது. சென்னைக்காரர்கள் காதை மூட மாட்டார்கள், மங்கி கேப் கொண்டுவரச் சொல்லுங்கள். தர்காவிலும் குருத்வாராவிலும் தலையை மூட அதுவே ஆச்சு. என்-95 மாஸ்க் ஆளுக்கு ஒன்று. காற்று மோசமான நாளில் பெரியவர்களைக் கோட்லாவோடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

மயூர்விஹார்_கேது

குறித்துக்கொண்டேன் மாமி. கல்தச்சன் சார், கூனி தர்வாஸாவில் எங்கே நிற்பது? மேப்பில் நடு ரோட்டில் காட்டுகிறது. சென்னையிலிருந்து ஒரு மாமா இப்போதே, ராமாயணக் கூனிக்கு தில்லியில் வாசல் கட்டியிருக்கிறார்களா என்று கேட்கிறார்.

கல்தச்சன்

மாமாவுக்குச் சொல்லுங்கள், இந்தக் கூனிக்கு முதுகு நேராகத்தான் இருக்கிறது. கூன் என்றால் உருதுவில் ரத்தம். ரத்த வாசல்.

மேப் சொல்வது சரி. பகதூர் ஷா ஜஃபர் மார்கின் நடுவில்தான் நிற்கிறது. அதனால் வாசலடியில் குழுவை நிறுத்த வேண்டாம். இரண்டு பக்கமும் பஸ் போகும் இடத்தில் 14 பேர் நின்றால் பின்னால் நிற்பவருக்கு ஒரு சொல்லும் கேட்காது, யாராவது போட்டோவுக்காக இரண்டடி பின்னால் போவார்கள். சிக்னலில் கடந்து மருத்துவக் கல்லூரிப் பக்க நடைபாதையில், வாசல் முழுசாகத் தெரியும் தூரத்தில் நிறுத்துங்கள். உள்ளே ஏறும் படி 2002க்குப் பிறகு பூட்டியே கிடக்கிறது. காவலாளியிடம் கெஞ்ச வேண்டாம்.

சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். ஷேர் ஷா காலத்து வாசல். 1857 செப்டம்பர் 22, ஹுமாயூன் கல்லறையில் சரணடைந்த மூன்று இளவரசர்களை பிரிட்டிஷ் அதிகாரி ஹட்சன் இங்கே நிறுத்தி, உடையைக் களையச் சொல்லி, தன் கையாலேயே சுட்டார். கடைசி முகலாய பாதுஷா பகதூர் ஷாவின் மகன்கள் மிர்ஸா முகல், மிர்ஸா கிஸ்ர் சுல்தான், பேரன் மிர்ஸா அபு பக்கர். உடல்களைக் கொண்டுபோய்ப் போட்டது சாந்தினி சௌக் கொத்வாலி வாசலில். உங்கள் நடையும் அங்கேதான் முடிகிறது. இந்த வழியில் ஒரு கோர்வை உண்டு என்றால் அது இதுதான், அதனால் கொத்வாலி என்ற பெயரை இங்கேயே குழுவின் காதில் போட்டு வையுங்கள்.

மழைக்காலத்தில் கூரையிலிருந்து ரத்தம் சொட்டும் என்பார்கள். நானூறு ஐந்நூறு வருஷக் கல் இடுக்கில் இறங்கும் மழைத்தண்ணீர் செம்புழுதியைக் கரைத்துக்கொண்டு வர ஆவி ஒன்றும் தேவையில்லை. நீங்கள் போவது டிசம்பரில், சொட்டாது.

பழங்கணக்கு

ஒரு திருத்தம், ஏனென்றால் காசு வாங்கி நடத்தும் நடைகளிலேயே இந்தத் தப்பு வருகிறது. பாரசீக அரசர் நாதிர் ஷா 1739இல் தில்லியில் நடத்திய படுகொலைக்கும் இந்த வாசலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். கூனி தர்வாஸா என்ற பெயரில் தில்லியில் இரண்டு வாசல்கள் இருந்தன. 1739 ரத்தத்துக்குச் சொல்லப்படுவது தரீபாவின் முகப்பில் இருந்த வாசல். இப்போது அது இல்லை. இருக்கிற வாசலில் எல்லா ரத்தத்தையும் கொண்டுவந்து ஊற்றிவிடுகிறார்கள்.

சுனெஹ்ரி மஸ்ஜிதிலும் இதே குழப்பம். செங்கோட்டைக்குப் பக்கத்தில் 1751இல் கட்டியது ஒன்று. படுகொலையின்போது நாதிர் ஷா உட்கார்ந்தது அதில் இல்லை. அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்தா... இல்லை, அவர் 1747இல் கொல்லப்பட்டார், நாலு வருஷம் கழித்துக் கட்டிய மசூதி அது. அவர் உட்கார்ந்தது சாந்தினி சௌக்கில், ரோஷன்-உத்-தௌலா 1721-22 வாக்கில் கட்டிய சுனெஹ்ரி மஸ்ஜிதில். குருத்வாரா சீஸ் கஞ்சுக்குப் பக்கத்தில், தரை மட்டத்துக்கு மேலே உயரத்தில் இருக்கும், கீழே கடைகள். அண்ணாந்து பார்க்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

இஞ்சிமுரப்பா

சரி, பேயை விட்டேன். படுகொலை ஏன் ஆரம்பித்தது? "கொடுங்கோலன் வந்தான், வெட்டினான்" என்று சொன்னால் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

பழங்கணக்கு

தானிய விலையில் ஆரம்பித்தது. பாரசீகப் படை தில்லிக்குள் வந்த பிறகு பஹர்கஞ்ச் தானியக் கிடங்கில் விலையைக் குறைத்து நிர்ணயித்தார்கள். வியாபாரிகள் ஒப்பவில்லை, கைகலப்பு. அதற்குள் நாதிர் ஷா செத்துவிட்டார் என்று வதந்தி. ராத்திரியோடு ராத்திரியாக ஜனங்கள் பாரசீகச் சிப்பாய்களைத் தாக்கினார்கள். மறுநாள் காலை, 1739 மார்ச் 22, நாதிர் மசூதிக்கு வந்து உட்கார்ந்து வாளை உருவினார். அதுதான் சமிக்ஞை. காலையில் ஆரம்பித்தது பிற்பகலில் முகம்மது ஷா பாதுஷா கெஞ்சிய பிறகு நின்றது. சுமார் ஆறு மணி நேரம். வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லும் கணக்கு 20,000 முதல் 30,000 பேர்.

இதைச் சொல்லும்போது நிற்க வேண்டிய இடம் மசூதி வாசல் இல்லை. தொழுகைக்கு வருகிறவர்களுக்கு இடைஞ்சல். எதிர்ச் சாரியில், நீரூற்றுச் சதுக்கத்தின் ஓரம் நின்றால் மசூதி, குருத்வாரா, பழைய கொத்வாலி இருந்த இடம் மூன்றும் ஒரே பார்வையில். கொத்வாலி எதிரில்தான் 1857க்குப் பிறகு தூக்குமரம் நின்றது. பல்லப்கட் ராஜா நாஹர் சிங்கை 1858 ஜனவரி 9 அன்று சாந்தினி சௌக்கில்தான் தூக்கிலிட்டார்கள்.

கோட்லா_புறா

சீஸ் கஞ்ச் பற்றி ஒரு வார்த்தை. குரு தேக் பகதூர் 1675இல் தலை வெட்டப்பட்ட இடம். அதைப் பேய் நடையின் 'ஸ்டாப்' ஆக்காதீர்கள். வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி இரண்டு வாக்கியம், உள்ளே போக விரும்புகிறவர்கள் செருப்பை விட்டு, தலையை மூடி, காலைக் கழுவிக்கொண்டு போய் வரட்டும். பதினைந்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

சர்மத் தர்காவிலும் அப்படியே. ஜாமா மஸ்ஜிதின் கிழக்குப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது, மசூதிக்குள் போக வேண்டியதே இல்லை. சாயங்காலத் தொழுகை நேரத்தில் சுற்றுலாக்காரர்களை உள்ளே விடவும் மாட்டார்கள். ஆர்மீனிய யூத வம்சம், பாரசீகக் கவி, ஔரங்கசீப்பின் அண்ணன் தாரா ஷிகோவின் நண்பர், உடை உடுத்தாத ஃபகீர். தாரா வீழ்ந்த பிறகு ஔரங்கசீப் தலையை வெட்டச் சொன்னார். வெட்டிய தலையைக் கையில் ஏந்திக்கொண்டு மசூதிப் படியேறினார் என்பது நம்பிக்கை.

இங்கே கதையை விடக் கண்ணுக்குத்தான் வேலை. ஒரே கூரையின் கீழ் இரண்டு சமாதி. ஒரு பாதி முழுக்கச் சிவப்பு, சுவர், தூண், போர்வை எல்லாம்; அது சர்மத். மறுபாதி முழுக்கப் பச்சை. அது அவர் குரு ஹரே பரே ஷா. இரண்டு நிறமும் சேரும் இடத்தில் குழுவை நிறுத்திவிட்டு நீங்கள் பேசாமல் இருந்தால் போதும்.

கரோல்பாக்_மாமி

பேசாமல் இருக்கச் சொல்கிறீர்கள், ஜாமா மஸ்ஜித் பக்கம் வியாழன் ராத்திரி என்ன சத்தம்! கழுத்தில் மாட்டும் ஸ்பீக்கர் மைக் வைத்துக்கொள்ளலாமா?

கல்தச்சன்

வேண்டாம் மாமி. தர்கா, மசூதி, குருத்வாரா மூன்றின் பக்கத்திலும் ஸ்பீக்கர் சண்டையில் முடியும். 14 பேர் என்றால் அரைவட்டமாக, இரண்டு வரிசை, பிள்ளைகள் முன்னால். பேசுகிறவர் சுவரைப் பார்த்து நிற்காமல் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றால் குரல் எட்டும். முன்னால் ஒருவர், வாலில் ஒருவர். வாலில் வருகிறவருக்கு வழி முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். தரீபாவில் நகைக் கடைக் கண்ணாடியைப் பார்த்து நாலு பேர் கட்டாயம் பின்தங்குவார்கள்.

இன்னொன்று. சாந்தினி சௌக் பிரதான சாலையில் காலை 9 முதல் ராத்திரி 9 வரை மோட்டார் வண்டி விட மாட்டார்கள். நீங்கள் நடு வீதியில் நிம்மதியாக நிற்க முடிவதே அதனால்தான். 9 அடித்ததும் சரக்கு வண்டி நுழையும். இழுத்துக்கொண்டே போகாதீர்கள்.

மயூர்விஹார்_கேது

ஜெயில் இடம் என்று சொன்னீர்களே, அதில் என்ன?

பழங்கணக்கு

மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி இருக்கும் இடத்தில்தான் பழைய தில்லி ஜெயில். 1912 டிசம்பர் 23, புதுத் தலைநகருக்குள் யானை மேல் ஊர்வலமாக வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்சின் மேல் சாந்தினி சௌக்கில் குண்டு விழுந்தது. அவர் காயத்தோடு பிழைத்தார், குடை பிடித்து நின்ற ஊழியர் செத்தார். அதைத் தொடர்ந்த தில்லி சதி வழக்கில் அமீர் சந்த், அவத் பிஹாரி, பால் முகுந்த் மூவரையும் 1915 மே 8 அன்று இந்த ஜெயிலில் தூக்கிலிட்டார்கள். நாலாமவர் பசந்த குமார் பிஸ்வாஸுக்குத் தூக்கு அம்பாலாவில். சதிக்குத் தலைமை தாங்கிய ராஷ் பிஹாரி போஸ் ஜப்பானுக்குத் தப்பினார்.

கல்லூரி வளாகம் பொது இடம் இல்லை, 14 பேரோடு நுழையாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் இருப்பார்கள். கூனி தர்வாஸாவுக்கு நின்ற அதே நடைபாதையில் திரும்பி நின்றபடியே சொல்லிவிடலாம். நினைவுச் சின்னத்தைப் பகலில் அனுமதி கேட்டுத் தனியாகப் போய்ப் பார்க்கலாம்.

இஞ்சிமுரப்பா

துர்க்மான் கேட் பக்கம் ரஸியா சுல்தானா கல்லறையையும் சேர்க்கலாமே? டெல்லி கேட்டிலிருந்து கிட்டத்தானே.

கல்தச்சன்

கிட்டத்தான். புல்புலி கானா சந்துக்குள், நாலு பக்கமும் வீடு சூழ, கூரை இல்லாத முற்றத்தில் இரண்டு கல்லறை. 1240இல் இறந்த தில்லியின் ஒரே பெண் சுல்தான் அதில் ஒன்றில் என்பது நம்பிக்கை. ஆனால் சந்து இரண்டு ஆள் அகலம், மேலே மின்கம்பிக் கொத்து, ராத்திரி 14 பேர் நுழைந்தால் அது அவர்கள் வீட்டுக் கூடத்தில் நுழைவது மாதிரி. நாலைந்து பேராகப் பகலில் போங்கள்.

மயூர்விஹார்_கேது

முடிவு செய்துவிட்டேன். 3:30க்கு எல்லாரும் டெல்லி கேட்டில் சேர்வது, அங்கிருந்து கோட்லாவுக்கு நடப்பது. குழுவுக்கு "டெல்லி கேட், 3:30" என்று செய்தி போட்டுவிடட்டுமா?

பழங்கணக்கு

அப்படியே போட்டால் பாதிப் பேர் செங்கோட்டையில் நிற்பார்கள். செங்கோட்டையின் தெற்கு வாசலுக்கும் டெல்லி கேட் என்றுதான் பெயர். நான் சொன்ன அந்த இன்னொரு சுனெஹ்ரி மஸ்ஜித் அதன் பக்கத்திலேயே இருப்பதால், சந்தேகமே படாமல் அங்கேயே காத்திருப்பார்கள். "டெல்லி கேட் மெட்ரோ ஸ்டேஷன், வயலட் லைன்" என்று எழுதி, கூடவே லொக்கேஷனும் அனுப்புங்கள்.